சின்ன வண்டி, நிறைய சுற்று

மோட்டார் பந்தயத்தில் இறங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த வண்டி வாங்கலாம் என்பதைத்தான். டிராக்கில் ஓட்டுவதற்கென்று பைக்குகளைத் தயார்செய்து தரும் வேலையில் இருப்பவன் நான். பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது, வருஷத்துக்கு எத்தனை சுற்று ஓட்டப் போகிறீர்கள் என்று. கையில் இருக்கும் பணத்தில் வண்டிக்கு எவ்வளவு, டயருக்கு எவ்வளவு, டிராக் கட்டணத்துக்கு எவ்வளவு, கீழே விழுந்தால் வண்டியை மறுபடி நிமிர்த்த எவ்வளவு என்று பங்கு போட்டுப் பார்த்தால்தான் அந்த எண் தெரியவரும். பெரும்பாலானவர்கள் அப்படிப் பங்கு போடுவதில்லை. இருப்பதையெல்லாம் வண்டியில் கொட்டிவிட்டு, மிச்சத்துக்குக் கடன் வாங்கி, வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் டிராக்கைப் பார்க்கிறார்கள். கொஞ்ச காலத்தில் வண்டியையும் விற்றுவிடுகிறார்கள். அவர்களிடம் திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன். திறமை வெளியே வருவதற்குத் தேவையான சுற்றுகளை அவர்கள் வாங்கவே இல்லை. பந்தயத்தில் காசு கொடுத்து வாங்கவேண்டிய சரக்கு சுற்றுகள்தான். அந்தச் சரக்கைக் குறைந்த விலைக்குத் தருவது சின்ன வண்டி. காசு இல்லாதவருக்கு அது வேறு வழியில்லாத சமரசம் என்று பலர் நினைக்கிறார்கள். காசு இருப்பவருக்கும் தொடங்குவதற்கு அதுதான் சரியான வண்டி என்பது என் முடிவு. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்லப் பார்க்கிறேன்.

தமிழ்நாட்டின் பந்தய வரலாறே இதற்கு ஒரு சாட்சி. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் இங்கே பந்தயம் வேர்விட்டது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. அரச குடும்பத்தாரும் பெரிய தொழிலதிபர்களும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஃபார்முலா கார்கள் சோழவரத்தில் ஓடின, கூட்டம் அலைமோதியது. ஆனால் அந்தக் கார்களைப் பார்க்க வந்த பையன் அதில் ஏறுவதற்கு வழி இல்லை. அந்த வழியைத் திறந்தவர் கோவையின் கரிவர்தன். ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர், 796 சிசி இன்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கை ரேஸ் காருக்குள் வைத்து ஃபார்முலா மாருதியை அவர் உருவாக்கினார். உலகத் தரத்தில் பார்த்தால் அதன் சக்தி மிகக் குறைவு. ஆனால் இன்ஜின் போனால் பக்கத்துத் தெரு மெக்கானிக்கே பிரித்துப் பார்க்கலாம். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே கார். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அந்தக் காரில்தான் பந்தயத்துக்குள் நுழைந்தார். துபாயில் 2025 ஜனவரியில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றதைக் கொண்டாடிய ரசிகர்கள், அவரும் 2002-இல் ஃபார்முலா மாருதி ஓட்டியவர் என்பதைக் கவனிக்க வேண்டும். வசதியும் புகழும் இருந்த ஒருவரும் 796 சிசியில் கற்றுக்கொண்டுதான் மேலே போனார். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட 2.1 கி.மீ. டிராக்குக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். தகுதியான மரியாதை.

இனி கணக்குக்கு வருகிறேன். 150 சிசி வண்டி ஒன்றின் எடை 140 கிலோ என்று வையுங்கள். தோல் உடுப்பும் ஹெல்மெட்டும் போட்ட ஆள் 70 கிலோ. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், நேர்பாதையின் முடிவில் இந்த வண்டி 120 கி.மீ. வேகத்தில் வரும். 600 சிசி வண்டி 190 கிலோ, அதே ஆள், அதே இடத்தில் 200 கி.மீ. வேகம். வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்ததை இங்கே போட்டுப் பார்த்தால், பெரிய வண்டி வளைவுக்குக் கொண்டுவரும் ஆற்றல் சின்ன வண்டியுடையதைப்போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு. அந்த ஆற்றல் எங்கே போகிறது? பிரேக் பேடிலும் டிஸ்க்கிலும் டயரிலும் வெப்பமாகிப் போகிறது. தேய்வது அவைதான், காசும் அங்கேதான் கரைகிறது. சின்ன வண்டிக்கு ஒரு ஜோடி நல்ல டயர் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். பெரிய வண்டிக்கு டிராக்குக்கான ஜோடி அதைப்போல மூன்று நான்கு மடங்கு. அதோடு நின்றால் பரவாயில்லை. பெரிய வண்டியின் டயர் சீக்கிரமும் தேயும். வண்டி வாங்கும் விலை ஒரே தடவைதான், அதிலும் பாதிக்கு மேல் விற்கும்போது திரும்பி வந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் போகிற காசு திரும்பி வராது. வண்டியின் விலையைப் பார்த்துச் செலவை மதிப்பிடுகிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கைப் பார்க்காமல்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விழுவதற்கும் ஒரு விலை உண்டு. டிராக்கில் ஓட்டக் கற்றுக்கொள்கிற யாரும் ஒருநாள் விழத்தான் செய்வார்கள். அதைச் செலவுக் கணக்கில் சேர்க்காத திட்டம் திட்டமே இல்லை. வளைவில் முன்சக்கரம் வழுக்கி ஒரு யமஹா ஆர்15 சாய்ந்து சறுக்கினால், பெரும்பாலும் போவது ஒரு லீவர், ஒரு ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில் பாதி, ஃபேரிங்கின் ஒரு பக்கம். இவை சென்னைப் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். கிடைக்காத சின்னச் சாமானை லேத்தில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். அன்றைக்குச் சாயங்காலமே வண்டி மறுபடி ஓடும். இறக்குமதி வண்டி விழுந்தால் அந்த லீவருக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், விழுந்தால் என்ன ஆகுமோ என்ற கவலையோடு ஓட்டுகிறவர் கற்றுக்கொள்வதில்லை. கடன் பாக்கி இருக்கிற வண்டியை ஓட்டுகிறவரின் தோளைப் பார்த்தாலே தெரியும். கை இறுகியிருக்கும், வளைவில் கண் தூரம் போகாமல் முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். இறுகிய கை வண்டியைத் திரும்பவிடாது.

பழைய வண்டி வாங்கும்போது பளபளப்பைப் பார்க்க வேண்டாம். டிராக்குக்கு வருகிற வண்டியின் பெயிண்ட் எப்படியும் உரியப்போகிறது. பார்க்கவேண்டியது எலும்பு. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் நூல் பிடித்து முன்சக்கரம் வரை இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் இடைவெளி ஒன்றாக இல்லையென்றால் ஃப்ரேமோ ஃபோர்க்கோ வளைந்திருக்கிறது. அந்த வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். முன்சக்கரத்தைத் தூக்கிவைத்து ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் தட்டி நிற்கிறதா பாருங்கள், நின்றால் கோன் செட் போயிருக்கிறது. அது சில நூறு ரூபாய் வேலைதான், விலையைக் குறைக்க உதவும். ஸ்விங் ஆர்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. இன்ஜினில் புகை வந்தால்கூட நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். போரும் பிஸ்டனும் மாற்றிக்கொள்ளலாம். ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டியை, டிராக்கில் மட்டும்தானே ஓட்டப்போகிறோம் என்று வாங்குகிறவர்கள் உண்டு. மலிவாகத்தான் கிடைக்கும். ஆனால் அது யாரிடமிருந்து திருடிய வண்டி என்பது வாங்கியவருக்குத் தெரியாது, நாளைக்கு விற்கவும் முடியாது.

சின்ன வண்டி எதையும் கற்றுத்தராது, சக்தியைக் கையாளப் பழக வேண்டுமானால் சக்தி இருக்கிற வண்டிதான் வேண்டும் என்று ஒரு மறுப்பு உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. 100 குதிரைசக்தியைப் பின்டயர் வழுக்காமல் தரையில் இறக்குவது தனிக் கலை. அதை 17 குதிரைசக்தி வண்டியில் படிக்க முடியாது. ஆனால் அது கடைசிப் பாடம். அதற்கு முன்னால் படிக்க வேண்டியவை பிரேக் பிடிக்கும் இடம், வண்டியைச் சாய்க்கும் இடம், பார்வை போகவேண்டிய இடம், த்ராட்டிலைத் திறக்கும் இடம் ஆகிய நான்கும். பெரிய வண்டியில் இந்த நான்கிலும் தப்புச் செய்தாலும் வளைவு முடிந்ததும் த்ராட்டிலை முறுக்கினால் இன்ஜின் எல்லாவற்றையும் மூடிமறைத்துவிடும். ஓட்டியவருக்குத் தான் தப்புச் செய்தது தெரியவே தெரியாது. சின்ன வண்டியில் வளைவுக்குள் ஐந்து கி.மீ. வேகத்தை வீணாக இழந்தால், அதைத் திரும்பச் சேர்க்க இன்ஜினிடம் தெம்பு இல்லை. அடுத்த நேர்பாதை முழுக்க அந்த நஷ்டம் கூடவே வரும், டைமரில் தெரியும். இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.717 கி.மீ., 12 வளைவு. ஒவ்வொரு வளைவிலும் விநாடியில் பத்தில் ஒரு பங்கை மிச்சம் பிடித்தால் சுற்றுக்கு ஒரு விநாடிக்கு மேல் குறைகிறது. காசு கொடுத்துச் சைலன்சரும் ஈ.சி.யு.வும் மாற்றி அந்த ஒரு விநாடியை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த வேலையைச் செய்கிற எனக்குத் தெரியும். என் பட்டறைக்கு வருமானம் தருகிற வேலை அது. ஆனாலும் புதிதாக வருகிறவரிடம் அது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். தேசிய பைக் பந்தயத்தில் புதியவர்களுக்கான நோவிஸ் பிரிவும் பெண்களுக்கான பிரிவும் 165 சிசிக்கு உட்பட்ட, மாற்றங்கள் செய்யாத வண்டிகளுக்கு என்றே வைத்திருப்பதும் காரணத்தோடுதான்.

வண்டியைத் தயார்செய்வதில் செலவு குறைவு, உழைப்பு அதிகம். அந்த உழைப்பை ஓட்டுகிறவரே போடலாம், போடவும் வேண்டும். கண்ணாடி, இண்டிகேட்டர், சைடு ஸ்டாண்டு, நம்பர் பிளேட் எல்லாம் கழற்ற வேண்டும். ஹெட்லைட் இருந்தால் உடைந்து கண்ணாடித் துண்டு சிதறாதபடி டேப் ஒட்ட வேண்டும். அடுத்து லாக் ஒயர். இன்ஜின் ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையில் ஒன்றரை மில்லிமீட்டர் துளை போட்டு, அதில் துருப்பிடிக்காத மெல்லிய கம்பியை நுழைத்து, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி, அசையாத ஒரு இடத்தில் கட்ட வேண்டும். கட்டும் திசை முக்கியம். போல்ட் கழல முயன்றால் கம்பி அதை இறுக்குகிற பக்கம் இழுக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் கட்டியதற்கு அர்த்தமே இல்லை. ஆயில் மூடிக்கும் பிரேக் காலிப்பர் போல்ட்டுக்கும் இதே வேலை. துளை போடும் பிட் உடையும், கை எரிச்சலாகும், ஒரு போல்ட்டுக்கே அரை மணி நேரம் போகும். ஆனால் அந்தப் போல்ட் டிராக்கில் கழன்றால் ஆயில் முதலில் உங்கள் பின்டயரில் விழும், பிறகு பின்னால் வருகிற இருபது பேரின் பாதையில் விழும். ரேடியேட்டரில் இருக்கும் கூலன்டை வடித்துவிட்டு வெறும் வடிநீர் ஊற்றச் சொல்வதும் இதே காரணத்துக்காக. கூலன்டில் இருக்கும் கிளைக்கால் தாரில் சிந்தினால் சோப்புப்போல வழுக்கும், சீக்கிரம் காயவும் காயாது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி கூலன்ட் ஊற்றிவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே துருப்பிடிக்கும்.

பிரேக் ஆயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இவ்வளவு குறைந்த காசில் இவ்வளவு வித்தியாசம் தருகிற வேறொன்று வண்டியில் இல்லை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உள்ளது. ஈரம் ஏறிய ஆயிலுக்குத் தரநிர்ணயம் கேட்கிற குறைந்தபட்சம் 155 டிகிரிதான். சென்னைக் காற்றின் ஈரத்தில் ஒரு வருஷம் ஓடிய வண்டியின் ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தெருவில் அது தெரியாது. டிராக்கில் சுற்றுக்குச் சுற்று அழுத்திப் பிடிக்கும்போது காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் கட்டும், லீவர் தொய்ந்து ஹேண்டில் வரைக்கும் வரும், வண்டி நிற்காது. சில நூறு ரூபாய்க்குள் ஒரு பாட்டில், காலிப்பரின் நிப்பிளைத் திறந்து பழையதை வெளியேற்ற ஒரு மணி நேரம். பாட்டிலைத் திறந்த அன்றே பயன்படுத்த வேண்டும். மிச்சத்தை மூடிவைத்து அடுத்த தடவைக்கு எடுப்பது ஈரத்தை விலை கொடுத்து வாங்குவது போலத்தான்.

இதுவரைக்கும் எங்கே குறைக்கலாம் என்று சொன்னேன். குறைக்கவே கூடாத இடம் உடம்பில் போடுகிறவை. இரட்டை வளையக் கட்டு உள்ள முழு முக ஹெல்மெட், ஒரே துண்டாகத் தைத்த தோல் உடுப்பு, முதுகுக் கவசம், மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலைத் தாண்டும் பூட்ஸ் எல்லாம் சேர்த்தால் பழைய 150 சிசி வண்டியின் விலையைத் தாண்டிவிடும். வண்டியைவிட உடுப்புக்கு அதிகமா என்று கேட்கிறார்கள். ஆமாம், அப்படித்தான் இருக்க வேண்டும். வண்டி மாறும், உடுப்பு கூடவே வரும். 2023-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஜனவரியில் அனுபவமிக்க மூத்த கார் ஓட்டுநர் ஒருவரும், ஆகஸ்டில் 13 வயது பைக் ஓட்டுநர் ஒருவரும் பந்தய விபத்தில் உயிரிழந்தார்கள். நல்ல உடுப்பு எல்லா விபத்திலிருந்தும் காப்பாற்றிவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வழுக்கி விழுந்து தாரில் உரசிப்போகிற சாதாரண விழுதலை, தூசி தட்டி எழுந்துவருகிற விஷயமாக மாற்றுவது அதுதான். புதிதாக ஓட்டுகிறவர் சந்திக்கப்போவது பெரும்பாலும் அந்த வகை விழுதல். தோல் உடுப்பை, தையல் பிரியாமல் இருந்தால், செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். ஹெல்மெட்டை ஒருபோதும் அப்படி வாங்கக் கூடாது. ஒருமுறை அடிபட்டால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கிவிடும், வெளியே அடையாளமே இருக்காது. இன்னொன்று, உங்கள் வண்டியின் சாதாரண இன்ஷூரன்ஸ் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். மருத்துவக் காப்பீட்டிலும் விபத்துக் காப்பீட்டிலும் இதற்கு விலக்கு இருக்கிறதா என்று படித்துவிட்டு, ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தொடாமல் வைத்துவிட்டுத்தான் டிராக் கட்டணத்தைக் கட்ட வேண்டும்.

அடுத்த வாதம், ரோடு இலவசம்தானே என்பது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பறக்கிற பையன்களுக்கு டிராக் கட்டணம் வீண்செலவாகத் தெரிகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு பொதுச்சாலையில் பந்தயம் விடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கற்றுக்கொள்வது என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தாலும் ரோடு தோற்றுப்போகிறது. ஒரு வளைவைக் கற்க அதே வளைவுக்கு இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரவேண்டும்; போன தடவை எங்கே பிரேக் பிடித்தோம் என்பது இன்னும் கையில் இருக்கும்போதே அடுத்த தடவை ஒரு வண்டி நீளம் தள்ளிப் பிடித்துப் பார்க்க வேண்டும். ரோட்டில் மணல் இருக்கும், மாடு இருக்கும், எதிரே குடும்பத்தோடு ஒருவர் வருவார். எல்லைக்கு ரொம்ப முன்னாலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். அது சரியான புத்தியும்கூட. ஆக, நேர்ரோட்டில் முறுக்குவதைத் தவிர ரோடு எதையும் கற்றுத்தருவதில்லை. முறுக்குவது எல்லோருக்கும் வரும். டிராக்கில் எதிரே யாரும் வரமாட்டார்கள், தவறினால் ஓடிப்போக இடம் இருக்கிறது, மார்ஷல் கொடி காட்டுவார், ஆம்புலன்ஸ் நிற்கிறது. கட்டணம் கட்டுவது இவற்றுக்கெல்லாம் சேர்த்துத்தான். அப்படிப் பார்த்தால் அது மலிவு.

சுற்றுகளை வாங்கிவிட்டால் போதாது, அவற்றை வீணாக்காமலும் ஓட்ட வேண்டும். முதல் வருஷத்துச் செலவில் ஒரு பங்கைப் பயிற்சிப் பள்ளிக்கு ஒதுக்கச் சொல்வேன். போட்டியில் இறங்க இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் லைசென்ஸ் வேண்டும். அதற்கு மருத்துவச் சான்றும் பயிற்சியும் கேட்பார்கள் என்பதால் எப்படியும் இந்தப் படியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதைச் சடங்காக முடிக்காமல், இரண்டாவது மூன்றாவது டிராக் நாளுக்குப் பிறகு, கேட்பதற்குக் கேள்விகள் சேர்ந்த பின் போனால் அதே கட்டணத்தில் இரட்டிப்புப் பலன். ஓட்டும் நாளில் வேகமான ஒரு சுற்றைத் துரத்துவதைவிட ஒரே மாதிரியான பத்துச் சுற்றைத் துரத்துங்கள். பத்துச் சுற்றின் நேரமும் ஒரு விநாடிக்குள் அடங்கினால்தான், பதினோராவது சுற்றில் ஒன்றை மாற்றிப் பார்க்கும்போது அந்த மாற்றம் என்ன செய்தது என்று தெரியும். இன்றைக்கு போனிலேயே ஜிபிஎஸ் டைமர் வந்துவிட்டது. அதற்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் டயர் காற்று ஓட்டுவதற்கு முன் எவ்வளவு, இறங்கியதும் சூட்டில் எவ்வளவு, மணி எத்தனை, வெயில் எப்படி என்று எழுதிக்கொண்டே வந்தால், நான்கைந்து டிராக் நாளில் உங்கள் வண்டியைப் பற்றி எந்த மெக்கானிக்கைவிடவும் உங்களுக்கு அதிகம் தெரியும். காலை எட்டு மணிக்குச் சரியாக இருந்த காற்று மதியம் தார் கொதிக்கும்போது அதிகமாகிவிடும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு. தன் கையெழுத்தில் பார்ப்பது வேறு.

பணக்காரர் விளையாட்டு என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கப்போவதில்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு இது பெரிய செலவுதான். ஆனால் செலவைப் பகிர்ந்துகொள்ள வழிகள் இருக்கின்றன. கூச்சத்தால் பலர் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. டிராக் நாட்களில் ஓட்டுநர்களை வேகத்துக்கேற்பக் குழுவாகப் பிரித்து, ஒரு குழு பதினைந்து இருபது நிமிஷம் ஓட மற்றவர்கள் காத்திருப்பார்கள். இரண்டு நண்பர்கள் வேறு வேறு குழுவில் பதிவுசெய்தால் ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டலாம். வண்டி, டயர், பிரேக் பேட் எல்லாம் பாதிப் பாதி. யார் கையில் விழுந்தால் யார் செலவு என்பதை மட்டும் முதல் நாளே பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வண்டியோடு நட்பும் விழும். கோவையிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியை வாடகைக்கு எடுத்தால் இரண்டு வண்டி ஏறும். வாடகையும் டீசலும் பங்காகிவிடும். வண்டியை ஓட்டிக்கொண்டே போய், டிராக்கில் ஓட்டி, அதே வண்டியில் திரும்பலாம் என்ற மிச்சத்தை மட்டும் செய்ய வேண்டாம். நாள் முழுக்க ஓட்டிக் களைத்த உடம்போடு நெடுஞ்சாலையில் திரும்புவது அன்றைய நாளின் மிக ஆபத்தான பயணம். வண்டி விழுந்திருந்தால் திரும்பவே வழியிருக்காது. காசே இல்லாத மாதங்களில் மார்ஷலாகப் போகலாம். பந்தய நாட்களில் ஆர்வலர்களைப் பயிற்சி கொடுத்து நிறுத்துகிறார்கள். வளைவின் ஓரத்தில் நாள் முழுக்க நின்று, நல்ல ஓட்டுநர் எங்கே தலையைத் திருப்புகிறார், சுமாரானவர் எங்கே திருப்புகிறார் என்று பக்கத்திலிருந்து பார்ப்பதற்கு டிக்கெட் விற்றால் நான் வாங்குவேன். கொடிகளின் அர்த்தமும் மனப்பாடமாகிவிடும். மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடி பாதை வழுக்குகிறது என்று சொல்வதை, ஒருமுறை தானே அசைத்துக் காட்டியவர் மறக்க மாட்டார்.

காரில்தான் ஓட்டுவேன் என்கிறவர்களுக்கும் இதே வாதம் பொருந்தும். செலவின் அளவுதான் மாறுகிறது. சொந்தமாக ரேஸ் கார் வாங்கி, அதை ஏற்றிப்போக லாரியும் இறக்கிப் பார்க்க ஆட்களும் வைத்துக்கொள்வது சம்பளக்காரர் காரியம் இல்லை. கார்ட்டிங்கில் தொடங்கி, பிறகு அணிகளிடம் கட்டணம் கட்டி அவர்கள் தயாராக வைத்திருக்கும் காரில் ஏறி ஓட்டுவதுதான் நடக்கிற வழி. கோவையின் எல்ஜிபி ஃபார்முலா கார்களில் 1.3 லிட்டர் மாருதி இன்ஜின் இருப்பதைப் பாருங்கள். கரிவர்தன் போட்ட பாதை இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. கோவை பம்ப் செட்டும் ஜவுளி இயந்திரமும் செய்கிற ஊர் என்பதால் வார்ப்பும் லேத்தும் தெருவுக்குத் தெரு இருந்தன. உள்ளூர் இன்ஜினை வைத்து உள்ளூரிலேயே ரேஸ் கார் கட்டும் யோசனை அங்கே தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

கடைசியாக, இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள்: இவ்வளவு செய்தாலும் ஃபேக்டரி டீம் வைத்திருக்கிற பெரிய நிறுவனத்தின் பையனை ஜெயிக்க முடியாதே, பிறகு எதற்கு? மேல்மட்டப் பிரிவுகளில் அது உண்மைதான். நிறுவனத்தின் இன்ஜினியர்களும் சோதனை நாட்களும் சொந்தக் காசில் ஓட்டுகிறவரிடம் இருக்காது. ஆனால் அந்த நிறுவனங்கள் ஓட்டுநர்களைத் தேடுவது ஒரே வகை வண்டிகளை எல்லோருக்கும் கொடுத்து ஓட்டவிடும் பந்தயங்களிலும் தேர்வு முகாம்களிலும்தான். அங்கே எல்லோருக்கும் அதே வண்டி. அன்றைக்குக் கைகொடுப்பது முன்னால் ஓட்டிய சுற்றுகள் மட்டுமே. தேர்வாகிறவர் சிலர்தான், மற்றவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டே ஓட்டுவார்கள். அதில் என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை. மாரத்தான் ஓடுகிறவர்களிடம் ஒலிம்பிக் போவாயா என்று யாரும் கேட்பதில்லை. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணும் பையனும் பதினெட்டாவது இடத்திலிருந்து பதினாலாவது இடத்துக்கு நியாயமாக முன்னேறுவது பந்தயமே இல்லை என்று நினைக்கிறவர்கள், பந்தயத்தை டிவியில் மட்டும் பார்த்தவர்கள்.

எப்போது பெரிய வண்டிக்குப் போகலாம் என்பதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறேன். அதே வண்டியில், அதே டயரில், உங்கள் பிரிவில் நன்றாக ஓட்டுகிறவரின் நேரத்துக்கு இரண்டு விநாடி பக்கத்தில் வந்துவிட்டீர்களா? பத்துச் சுற்று ஒரே மாதிரி வருகிறதா? கடைசியாக விழுந்ததற்கு என்ன காரணம் என்று வண்டியைக் குறை சொல்லாமல் சொல்ல முடிகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் 300, 400 சிசி பிரிவைப் பாருங்கள். அங்கே டயர் செலவும் கட்டணமும் எவ்வளவு கூடும் என்று முதலில் சொன்ன மாதிரிப் பங்கு போட்டு, வருஷத்துச் சுற்றுகளின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் இன்னொரு வருஷம் சின்ன வண்டியிலேயே இருங்கள். விற்கும்போது லாக் ஒயர் கட்டிய போல்ட், கூடுதல் ஸ்ப்ராக்கெட், மிச்சமிருக்கும் லீவர்கள், டயர் காற்று எழுதிய நோட்டின் ஒரு பிரதி எல்லாவற்றையும் வண்டியோடு சேர்த்துக் கொடுங்கள். தனித்தனியாக விற்றால் கொஞ்சம் அதிகம் கிடைக்கும் என்பது சரிதான். ஆனால் தயாராக நிற்கிற டிராக் வண்டிக்கு இங்கே ஆள் காத்திருக்கிறார்கள், விலையும் பெரிதாக இறங்குவதில்லை. வாங்குகிறவருக்கு முதல் மூன்று மாதத்துப் பட்டறை வேலை மிச்சமாகும். அந்தக் காசில் அவர் இன்னும் ஐம்பது அறுபது சுற்று ஓட்டலாம்.